ஐம்பது மைக்ரோ வினாடிச் சந்து

டெக்ட் என்பது கார்ட்லெஸ் போனுக்காக ஐரோப்பாவில் எழுதப்பட்ட விதிமுறை. கூடத்தில் அடிப்பெட்டி, கையில் ரிசீவர், தோட்டம் வரை நடந்துகொண்டே பேசலாம். சில நூறு மீட்டருக்கு மேல் யாரும் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு அதைக் கையில் எடுத்தது வேறு நோக்கத்தில். ஒரு தொலைபேசி இணைப்புக்கு அன்று 30,000 ரூபாய்க்கு மேல் செலவு. அதில் பெரும்பங்கு, தெருவைத் தோண்டிச் செப்புக் கம்பி புதைப்பதிலேயே போயிற்று. செலவை 10,000 ரூபாய்க்கு இறக்கினால்தான் சாமானியன் வீட்டில் மணி அடிக்கும் என்பது பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் வாதம்.

கடைசிக் கம்பியை வெட்டிவிட்டு அங்கே ரேடியோவை வைத்தார்கள். அப்படிப் பிறந்தது கார்டெக்ட். பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வஸ் ஆகியோருடன், முன்னாள் மாணவர்கள் தொடங்கிய பெருங்குடி மைடாஸ் நிறுவனமும், சிப் தந்த அனலாக் டிவைசஸும் இதில் கூட்டு. சந்தாதாரர் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிக்கு வால்செட் என்று பெயர். போனுக்கு ஒரு துளை, கம்ப்யூட்டருக்கு ஒரு துளை. பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் இணையம்.

வீட்டுக்குள் வளர்ந்த பிள்ளையை ஊர் தாண்டி அனுப்பும்போதுதான் சிக்கல் தெரிந்தது. டெக்ட், 10 மில்லி வினாடியை 24 ஸ்லாட்டாக நறுக்குகிறது. முதல் 12 அடிப்பெட்டியான பேஸ் ஸ்டேஷனுக்கு, மீதி 12 வீடுகளுக்கு. ஒரு ஸ்லாட் சுமார் 417 மைக்ரோ வினாடி. அதன் முடிவில் ஏறத்தாழ 50 மைக்ரோ வினாடி யாரும் பேசாத சந்து. வால்செட் தன் நேரத்தைப் பேஸ் ஸ்டேஷனின் சிக்னலைக் கேட்டே சரிசெய்துகொள்ளும். ஆனால் ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் கடக்க 3.3 மைக்ரோ வினாடி எடுக்கும். 5 கி.மீ. தள்ளியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சிக்னலே தாமதமாகத்தான் வரும். பதிலும் அதே அளவு தாமதிக்கும். மொத்தம் 33 மைக்ரோ வினாடி. கடிகாரப் பிசகுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் சந்து அத்தோடு தீர்ந்தது. அதற்கு மேல் போனால் பதிலின் வால் பக்கத்து வீட்டு ஸ்லாட்டுக்குள் நுழையும். இரண்டு பேர் பேச்சும் கெடும்.

சென்னை மின்சார ரயில் தடத்தில் வைத்துப் பார்ப்போம். இது நான் வரைபடத்தில் நேர்க்கோடாக அளந்த கணக்கு. கோபுரம் உண்மையில் நின்ற இடத்தை வைத்ததல்ல. ஐ.ஐ.டி. வளாகத்தில் ஆன்டெனா இருந்தால் பரங்கிமலை எளிது. மீனம்பாக்கம் வருமுன்னே சந்து முடிந்துவிடும்.

மருந்து எளியது: தூரத்து வால்செட் தன் முறைக்குச் சில மைக்ரோ வினாடி முன்பே அனுப்பிவிட வேண்டும். கிளம்பும்போது முந்திக்கொண்டாலும் போய்ச் சேரும்போது சரியான நேரம். ஜி.எஸ்.எம். கைபேசியும் இதையேதான் சுமார் 550 மீட்டருக்கு ஒரு படியாக, 35 கி.மீ. வரை செய்கிறது. இந்தத் திருத்தத்தால் கார்டெக்ட் 10 கி.மீ. எட்டியது. பல்லாவரம் உள்ளே, குரோம்பேட்டை மயிரிழையில் வெளியே. ரிலே பேஸ் ஸ்டேஷன் வைத்தால் 25 கி.மீ. வரை போகலாம். சுமார் 14 கி.மீ. தள்ளியிருக்கும் தாம்பரத்துக்கு அலை போய்வர சுமார் 93 மைக்ரோ வினாடி, சந்தின் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் கைக்குள் வந்தது. கூடுவாஞ்சேரிகூட விளிம்பில் நிற்கும். ஆனால் பல்லாவரம் குன்று குறுக்கே நின்றால் எந்த நேரத் திருத்தமும் உதவாது. கம்பத்தை உயர்த்தத்தான் வேண்டும்.

பெட்டி உண்மையில் போன இடங்கள் இன்னும் தூரம். டெனெட் குழு 2000-இல் தொடங்கிய என்-லாக் நிறுவனம் அதைக் கிராம இணைய மையங்களுக்குக் கொண்டுபோனது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரம் அதில் பேர்பெற்றது. பிறகு கைபேசிக் கட்டணம் சரிந்தது, வால்செட்டின் வேலை போயிற்று. மனசு கேட்கவில்லைதான், ஆனால் 35 கிலோபிட்டில் படம் அசையாது.

படம் அசைய வேண்டியிருந்தது தேனியில். அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் சுற்றூர் நோயாளிகளை வீடியோவில் பார்க்க, பெர்க்லி பல்கலைக்கழகக் குழு வைஃபையை நீட்டியது. அதுவும் வீட்டுக்குள் வளர்ந்ததுதான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'வந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் தாமதித்தால் தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்பும். குழு அந்தப் பழக்கத்தை நிறுத்தி, பதில்களை மொத்தமாக வாங்கி, இரு முனைகளுக்கும் பேச முறை வகுத்தது. 2007-இல் வெளியான அந்த ஏற்பாட்டுக்கு வைல்ட்நெட் என்று பெயர். உள்ளே ஓடியது மறுபடியும் ஸ்லாட்தான்.