நீட் மட்டும்தான் வழியா? ஐஐடி, ஐசர்-ல பயாலஜி படிக்கணும்னா பிளஸ் ஒன் குரூப்பிலேயே கவனம் தேவை!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் ரிஷிவந்தியம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "எந்த குரூப் எடுக்கப் போற?"

டாக்டர் கனவில் இருக்கும் பிள்ளைகள் பலர் தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பைக் கேட்பார்கள். கணக்குத் தொல்லை இல்லை, அந்த நேரத்தில் நீட்டுக்குப் படிக்கலாம் என்பது அவர்களின் யோசனை. பக்கத்திலேயே கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

சிக்கல் இரண்டு வருஷம் கழித்து வருது. நீட் மார்க் பத்தலை, "சரி, பயோடெக்னாலஜியாவது படிக்கலாம்" என்று திரும்பும்போதுதான் அந்தக் கதவும் பிளஸ் ஒன்னிலேயே மூடிவிட்டது தெரியவருது.

பயோடெக் படிக்க பயாலஜி மார்க் வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் உண்மை! அண்ணா பல்கலைக்கழகம் உட்பட தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பயாலஜியில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. கணிதம் படிக்காதவருக்கு கட் ஆஃப்பே இல்லை.

சென்னை ஐஐடியிலும் இதே கதைதான். அங்கே பயோடெக்னாலஜி துறை 2004-ல் தொடங்கப்பட்டது. அதில் பி.டெக் சேர ஜேஇஇ மெயின், பிறகு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதணும். இரண்டிலும் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். உயிரியல் படிக்கப் போகிறவரிடம் உயிரியலில் ஒரு கேள்விகூட கேட்பதில்லை. வேடிக்கைதான், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

ஏன் இப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கால்டெக் என்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கு. பெயர்தான் பெரிசு. இளநிலை மாணவர்கள் மொத்தமே சுமார் ஆயிரம் பேர்தான். 1928-ல் அங்கே உயிரியல் துறையைத் தொடங்க அழைக்கப்பட்டவர் தாமஸ் ஹன்ட் மார்கன். நம்ம வீட்டில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன பழ ஈயை வளர்த்து, மரபணுக்கள் குரோமோசோம்களில் இருப்பதை நிறுவியவர். 1933-ல் நோபல் பரிசு பெற்றார். இயற்பியலும் வேதியியலும் நடக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே உயிரியலும் நடக்கணும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. இயற்பியல் படித்த மேக்ஸ் டெல்புரூக் பின்னாளில் அங்கே வைரஸை ஆராய்ந்து, 1969-ல் நோபல் பெற்றார்.

இதற்கு கலிஃபோர்னியா வரை போகக்கூட வேண்டாம். 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போல இருப்பதை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னார். 1963-ல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்', ஒரு புரதத்தின் அமைப்பு சரியா என்று பார்க்க இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அதாவது ரிஷிவந்தியமும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர், இயற்பியலில் பிஎச்.டி. முடித்த பிறகு மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கணக்கு எடுக்காதவங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கு. அதுதான் நம்ம ஊரில் பலருக்குத் தெரியாத ஐசர். மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் நாட்டில் 7 உள்ளன. ரிஷிவந்தியத்துக்குக் கிட்டே என்றால் 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐசர்தான். இதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வை எழுத, பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஆகிய நான்கில் ஏதாவது மூன்று படித்திருந்தால் போதும். பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 55 சதவீதம் மதிப்பெண் வேண்டும்.

மொத்தம் 60 கேள்விகள், 3 மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பானால் ஒன்று போகும். நான்கு பாடத்திலும் தலா 15 கேள்விகள் வரும். ஆக, பயாலஜி இங்கே எண்ணப்படுது. ஆனால் கணக்கிலும் 15 கேள்வி இருக்கு என்பதை மறந்துடக் கூடாது. சென்னை ஐஐடி 2023-ல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பி.எஸ். படிப்புக்கும் இந்த ஐஏடி வழியாகத்தான் சேர்க்கை.

இன்னொரு விஷயம் மொழி. நீட், ஜேஇஇ மெயின் இரண்டையும் தமிழில் எழுதலாம். ஐஏடி, ஜேஇஇ அட்வான்ஸ்டு தமிழில் கிடையாது. உள்ளே போனாலும் பாடம் முழுக்க ஆங்கிலம்தான். தமிழ் மீடியம் மாணவர்கள் 'மரபணு' என்று படிக்கும்போதே பக்கத்தில் 'ஜீன்' என்று எழுதிப் பழகுவது நல்லது.

படிச்சா டாக்டர் ஆகலாமா?

முடியாது. இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. இது ஆராய்ச்சிப் படிப்பு. ஐசரில் பி.எஸ்-எம்.எஸ். மொத்தம் 5 வருஷம். ஆரம்ப செமஸ்டர்களில் நான்கு அறிவியல் பாடங்களும் உண்டு. கணக்கை விட்டு ஓடி வந்தவரை அது இங்கேயும் விடாது. வெறும் இளநிலை பயோடெக் பட்டத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி வேலை எதிர்பார்ப்பதும் சரியா வராது. பெரும்பாலும் மேற்படிப்பு, பிஎச்.டி. வரை போகணும். அந்தக் காலத்தில் சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. நெட் ஜேஆர்எஃப் தகுதி பெற்றவர்களுக்கான உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்.

ஊருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கரும்பைக் காலி செய்யும் செவ்வழுகல் நோய், வெள்ளை ஈ பரப்பும் மரவள்ளி மொசைக் வைரஸ் எல்லாமே இந்த ஆய்வகங்களுக்கான கேள்விகள்தான்.

செலவு யார் தருவா?

6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேர்ந்தால், இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று 2022-23 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு.

இப்போ பிளஸ் ஒன் சேரப் போறவங்க என்ன செய்யலாம்? கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள குரூப் கிடைத்தால் நீட், ஜேஇஇ, பொறியியல் கலந்தாய்வு, ஐஏடி நான்குமே திறந்திருக்கும். சுமை அதிகம்தான், மறுக்க முடியாது. ஏற்கெனவே தாவரவியல், விலங்கியல் எடுத்துப் பிளஸ் டூவில் இருப்பவர்கள் ஐஏடியைக் குறித்துக்கொள்ளலாம். நீட்டுக்கு விண்ணப்பித்தால் இதற்கும் சேர்த்து ஆகிவிடாது. தனியாக, மார்ச், ஏப்ரல் வாக்கில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.