ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ணே

முதலில் ஒரு சின்ன கொசுவர்த்திச் சுருள். 2015 டிசம்பர் 1, இரவு பதினொன்றரை. நான் புனேயில். அம்மா சென்னை ஜாபர்கான்பேட்டை வீட்டிலிருந்து போன் செய்து, "வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சுடா, அப்பா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறார்" என்றார். அதோடு லைன் கட். அதற்கப்புறம் எத்தனை முறை அடித்தாலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற அந்தக் குரல்தான். தரைத்தள வீடு. அப்பாவுக்குத் தினமும் இன்சுலின்.

அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, நள்ளிரவில் அடையாறு கரைகளை விழுங்கிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாமல், 1878-ல் தொடங்கிய 'தி ஹிந்து' தன் வரலாற்றிலேயே முதல் முறையாக மறுநாள் சென்னையில் வெளிவரவில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த ராத்திரி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 'தொடர்பு எல்லைக்கு வெளியே' மட்டும்தான்.

வேறு வழி தெரியாமல் டிவிட்டரில் (இப்போது எக்ஸ்) தெருப்பெயர், அடையாளம், என் கைபேசி எண் எல்லாவற்றையும் போட்டேன். அதுவரை நான் அங்கே கிரிக்கெட் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஒரு பெண் அழைத்தார். "சார், கோயம்புத்தூர்ல இருந்து பேசறேன். உங்க ட்வீட் பார்த்தேன். வீட்ல எத்தனை பேர்? நடக்க முடியுமா? மாடி இருக்கா? கடைசியா எத்தனை மணிக்குப் பேசினீங்க?" வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அழுவதற்குக்கூட எனக்கு இடைவெளி தரவில்லை. இன்றுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை.

2-ம் தேதி மதியம் மீனவர்கள் படகில் வந்து அப்பா அம்மாவை அழைத்துப் போனார்கள். மாலையில் அண்ணா நகர் சித்தப்பா வீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கிப் போனேன்.

இந்தப் பதிவு அந்தத் தூக்கத்தைப் பற்றியதுதான். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சேதி கடத்தி உதவுவதை ஃபேஸ்புக்கும் டிவிட்டரும் கண்டுபிடிக்கவில்லை. நம் நாட்டில் அதை ரொம்ப காலம் செய்துவந்தவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். 2004 டிசம்பரில் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்ப அனுமதி கிடைப்பதே அபூர்வம். உலகெங்கும் இருக்கும் ஹாம் பிரியர்களோடு பேசத்தான் போயிருந்தார்கள். 26-ம் தேதி காலை ஆறரை மணி வாக்கில் பூமி ஆடியது, தொடர்ந்து கடல் வந்தது. தொலைபேசி செத்துப்போன தீவுகளிலிருந்து, "உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார்" போன்ற சேதிகளை அவர்கள் மெயின்லேண்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பொழுதுபோக்கு ஒரே காலையில் உயிர்நாடி ஆயிற்று.

ஹாம்காரர்களின் ஒரு பழக்கத்தைக் கவனியுங்கள். அவர்களுடைய முறைப்படி அனுப்பும் சேதிக்கு ஒரு எண் உண்டு, நேரம் உண்டு. வாங்கியவர் 'கிடைத்தது' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அந்தச் சேதி முடிந்ததாகக் கணக்கில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அதே நாளில் மும்பையில் பீட்டர் கிரிஃபின், தினா மேத்தா, ரோஹித் குப்தா மூவரும் சேர்ந்து சுனாமிக்கென்றே ஒரு கூட்டு வலைப்பதிவு தொடங்கினார்கள். எந்த ஊரில் என்ன தேவை, எங்கே பணம் அனுப்பலாம், யாரைக் காணவில்லை என்பதெல்லாம் ஒரே இடத்தில். இலங்கையில் குரல் அழைப்புகள் போகாத இடங்களில் எஸ்.எம்.எஸ். மட்டும் தப்பித்தவறிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்த ஒரு பதிவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை இங்கே அப்படியே ஏற்றினார்கள். சில நாட்களில் பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்துவிட்டார்கள். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது இதே கூட்டம் அந்த ஊர்க்காரர்களுக்கும் தகவல் தொகுத்துத் தந்தது. மும்பையில் உட்கார்ந்துகொண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு உதவி!

கத்ரீனாவுக்கு ஒரு மாதம் முன்னால் மும்பைக்கே வந்தது அந்தச் சோதனை. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. அடுத்த வருடம், 2006 ஜூலை 11 மாலை, புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள். 180-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கைபேசிகள் ஸ்தம்பித்தன. அப்போது 'மும்பை ஹெல்ப்' என்ற வலைப்பதிவில் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருந்தவர்கள், "இது என் அண்ணன் எண், தயவுசெய்து பாருங்கள்" என்று எழுத, உள்ளூர்க்காரர்கள் அந்த எண்களுக்கு விடாமல் அடித்து, கிடைத்ததும் பதில் எழுதினார்கள். கோவைப் பெண் எனக்குச் செய்ததை, ஒன்பது வருடம் முன்பே முகம் தெரியாத மும்பைக்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்தக் குண்டுவெடிப்பு முடிந்த இரண்டே நாளில், சில குறிப்பிட்ட தளங்களை மட்டும் முடக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. அவற்றைத் தனியாகப் பிரித்து முடக்கத் தெரியாத இணைய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமாக மூடின. உதவிக்கு வந்த பக்கமும் அதிலேயேதான் இருந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. சில நாட்களில் சரியானது.

எல்லாம் நல்ல கதைதானா? இல்லை. 2012 ஆகஸ்டில் பெங்களூருவிலும் நான் இருக்கும் புனேயிலும் வடகிழக்கு மாநிலத்தவர்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வழியாக வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு குவாஹாட்டிக்கு ரயில் ஏறினார்கள். பெங்களூருவிலிருந்து சிறப்பு ரயில்களே விட வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாதபடி மத்திய அரசு 15 நாள் தடை போட்டது. வதந்தியைப் பரப்பியவர்களில் பாதிப் பேராவது, "பாவம், எச்சரிக்கலாமே" என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். வெளியூரில் பிழைக்கிறவனுக்குப் பயம் எவ்வளவு சீக்கிரம் தொற்றும் என்பது நமக்குத் தெரியாததா? 2018-ல் வதந்தியை நம்பி அப்பாவிகளை அடித்துக் கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு, இந்தியாவில் வாட்ஸப் ஒரு சேதியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்ததும் இதனால்தான்.

மறுபடி சென்னைக்கு வருவோம். 2015 வெள்ளத்தில் நடந்தது பிரமிப்பானது. நவம்பர் மழையின்போதே, பெங்களூருவில் மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷ், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கும்படி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் செய்தார். டிசம்பரில், தங்க இடம் தருகிறவர்கள், சாப்பாடு தருகிறவர்கள் பட்டியல் பொதுவான விரிதாள்களில் ஏறியது. நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் சமூக ஊடகம் வழியாகவே ஆள் திரட்டி வீதியில் இறங்கினார்கள். "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்று ஒரே தட்டில் சொல்லும் வசதியை ஃபேஸ்புக் சென்னைக்குத் திறந்துவிட்டது.

சரி, இப்போது அந்தத் தூக்கம்.

3-ம் தேதி மதியம் என் கைபேசி அடித்தது. தெரியாத எண். பின்னணியில் தண்ணீர்ச் சத்தம். "அண்ணே, நீங்க போட்ட அட்ரஸுக்கு வந்திருக்கோம். கதவு பூட்டியிருக்கு. சத்தம் போட்டுப் பார்த்தோம், யாரும் இல்லையே?"

"அவங்க நேத்தே வந்துட்டாங்க தம்பி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ணே. மூணு தெரு தாண்டி ஒரு கர்ப்பிணி இருக்காங்கன்னு சொன்னாங்க. இது முதல்ல வந்த அட்ரஸ்னு இங்க வந்தோம்." வைத்துவிட்டார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் ட்வீட்டைத் திறந்து பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் பேர் பகிர்ந்திருந்தார்கள். சிலர் அதை வாட்ஸப்பில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், நேரம் தேதி இல்லாமல். உடனே அழித்தேன், 'மீட்கப்பட்டார்கள், நன்றி' என்று எழுதினேன். இருந்தும் 5-ம் தேதி வரை எனக்கு அழைப்புகள் வந்தன. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் உதவத் துடித்தவர்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைத் தேடி அந்தத் தம்பியின் எண்ணுக்கு மறுபடி அடித்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது. நல்லபடியாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ளத்தான் முடியும்.

என் அப்பா அம்மா பிழைத்தார்கள் என்பதற்கு ஆயிரம் பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த ஒரு படகு வீணாகப் போனதற்குக் காரணம் நான் ஒருவன் மட்டும்தான்.

2018 ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம். மாநில ஐ.டி. மிஷனோடு சேர்ந்து இளம் பொறியாளர்கள் 'கேரளா ரெஸ்க்யூ' என்ற தளத்தை எழுதி ஓடவிட்டார்கள். நிரல் திறந்த நிரல், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். தளத்தில் விழுந்த கோரிக்கைகளை, எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் போன் போட்டுச் சரிபார்த்தார்கள். நானும் இரண்டு ராத்திரி அப்படி உட்கார்ந்தேன். என் ஓட்டை மலையாளத்தோடு! நான் கூப்பிட்ட எண்களில் பல, ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுடையவை. சொல்ல மறந்திருந்தார்கள். ஒருவரைக்கூட என்னால் கோபிக்க முடியவில்லை.

2021 ஏப்ரல், மே. கொரோனா இரண்டாம் அலை. ஒரு நாளைக்கு நாலு லட்சத்தைத் தாண்டிய தொற்று. ஆக்ஸிஜன், படுக்கை என்று டிவிட்டர் முழுக்க அலறல். உதவி கேட்டுப் பதிவு போடுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. பகிரப்பட்ட எண்களில் பாதி எடுக்காதவை, சில முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிற மோசடிகள். அப்போது எங்கள் குடியிருப்பில் நாலு தமிழ்க் குடும்பம், இரண்டு மராத்திக் குடும்பம் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். புதிதாக எதையும் பகிரவில்லை. பகிரப்பட்ட எண்களுக்கு அடித்து, 'இருக்கிறது / இல்லை / எடுக்கவில்லை, பார்த்த நேரம் இது' என்று குறித்தோம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசான தகவலைக் கிழித்துப் போட்டோம். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கில்லை. சிலருக்காவது இருபது தேவையற்ற அழைப்புகள் மிச்சமாயிருக்கும்.

ஹாம்காரர்களின் பழக்கத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? எண், நேரம், கிடைத்தது. வசதிகள் கூடக்கூட நாம் விட்டுவிட்டது இந்த மூன்றைத்தான். மனசில் ஈரம் குறைந்துவிட்டது என்று சொல்லவே மாட்டேன், ஆயிரத்துச் சொச்சம் பேருடைய ஈரத்தை நான் பார்த்திருக்கிறேன். கணக்கை முடிக்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

படிக்கிற உங்களில் பாதிப் பேர் ஊரில் வயசானவர்களை விட்டுவிட்டு எங்கோ இருப்பவர்கள். இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்: வீட்டு முகவரி, பக்கத்தில் ஒரு அடையாளம், எந்தத் தளம், மாத்திரைப் பெயர்கள், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் எண். அந்த ராத்திரி வந்தால் பதிவிடுங்கள், தேதியும் மணியும் போட்டு. கூச்சப்பட வேண்டாம், உதவ ஆள் இருக்கிறது.

அம்மா குரலைக் கேட்டபிறகு, தூங்கப் போகும் முன்னால், ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.