கணக்குப் பார்க்க வருபவருக்குக் கட்டணம்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ வீடு கட்டுகிறவர் பிளான் அப்ரூவலுக்குக் கட்டும் பணத்துக்குப் பல பெயர்கள்: உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு மதிப்பீட்டில் 1 சதவீதம். ரசீதில் பெயரே வராத செலவு ஒன்றும் உண்டு. அனுமதி தரும் உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. அதற்கான கட்டணத்தைக் குழுமமே செலுத்த வேண்டும். சோதனைக்கு ஆளாகிறவரே சோதனைக்கும் காசு கொடுப்பது!

இதன் வேர் 1871-இல் இருக்கிறது. சென்னை மாகாணம் அந்த வருஷம் உள்ளூர் நிதிச் சட்டம் போட்டு, சாலைக்கும் பள்ளிக்கும் அந்தந்த வட்டாரத்திலேயே வரி தண்டத் தொடங்கியது. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தாலுகாக்கள். சர்க்கார் கஜானாவோடு சேராத பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். கணக்கு தனி என்றானபின், அதைப் பார்க்கும் செலவை மட்டும் கஜானா ஏன் சுமக்க வேண்டும்? கட்டணத்தின் நியாயம் இவ்வளவுதான்.

அந்த நியாயம் எதுவரை செல்லும் என்ற கேள்வி கோயில்கள் வழியாக எழுந்தது. 1951-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கோயில், மடங்களின் வருமானத்தில் நிர்வாகத்துக்கு 5 சதவீதம் வரையும், தணிக்கைக்குத் தனியாக ஒன்றரை சதவீதம் வரையும் கேட்டது. ஷிரூர் மடம் வழக்குப் போட்டது. 1954-இல் உச்ச நீதிமன்றம், அந்த 5 சதவீதம் கட்டணமே அல்ல, வரி என்றது: வாங்கும் பணத்துக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பு இல்லையாம். ஆனாலும் வாங்குவது நிற்கவில்லை. 1959 சட்டம் வந்தது. இன்று நிர்வாகத்துக்கான உச்சவரம்பு 12 சதவீதம், தணிக்கைக்கு மேலும் 4.

நகரமைப்புக்கு 1920-லேயே சட்டம் இருந்தாலும், 1971-ஆம் ஆண்டுச் சட்டம்தான் திட்டக் குழுமங்களையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் கொண்டுவந்தது. தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் 2014-இல்தான் வந்தது.

2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. கூர்ந்தாய்வுக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே பார்க்க ஆள் இல்லாததால், எழுதிக் கொடுத்த சதுர அடிக்கும் கட்டிய பணத்துக்கும் பொருந்துகிறதா என்று பின்னால் பார்க்கிறவரின் வேலை கூடத்தான் செய்யும். அதற்கு ஏற்ற கட்டணம் எவ்வளவு என்பதை, ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்த அதே கணக்கில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.