வில்லியம் கோட்டையும் மறைந்த கோவிந்தபூரும்

மாலை வேளையில் சௌரங்கிச் சாலையைக் கடந்து மைதானத்தில் அடியெடுத்து வைக்கும் தமிழன்பர் எவரும் முதலில் வியப்பது அதன் வெறுமையையே. ஒரு முழ மண்ணுக்கும் பலர் போட்டியிடும் இம்மாநகரின் நடுவே, கண்ணுக்கெட்டிய தொலைவு புல்வெளியாக விட்டுவைத்தவர் யாவர்? எதன்பொருட்டு விட்டுவைத்தனர்? மக்கள் காற்று வாங்குவதற்கென்று எண்ணினால் அது பிழை. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்கென்று ஒழித்து வைக்கப்பட்ட வெளி அது. அதன் மேற்கு ஓரத்தில், மரங்களின் மறைவில், தரையோடு தரையாய்ப் பதுங்கிக் கிடக்கும் வில்லியம் கோட்டையின் கதையை அறிந்தாலன்றி இந்நகரின் அமைப்பு நமக்கு விளங்காது.

கோட்டைக்காக ஊரை அழிப்பதை ஆங்கிலேயர் தம் நாட்டிலேயே முன்னர்ப் பட்டறிந்திருந்தனர். 1066-ல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய அரசன் வில்லியம், அடங்காத நகரங்களை அடக்கக் கோட்டைகளை எழுப்பினான். லிங்கன் நகரில் கோட்டைக்காக 166 வீடுகள் அழிந்தன. நாரிச் நகரில் 98. அவன் ஆணையால் 1086-ல் எடுக்கப்பட்ட நிலக்கணக்கே இதனைக் கூறுகின்றது. நம் நகரத்துக் கோட்டை இவன் பெயரைத் தாங்கியதன்று; அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆண்ட மூன்றாம் வில்லியத்தின் பெயரைத் தாங்கியது. எனினும் பெயரைப் போலவே செயலிலும் ஒற்றுமை உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

1690 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஜாப் சார்னாக் சுதாநுடி என்ற சிற்றூரின் கரையில் இறங்கினார். (அவரே இந்நகரை நிறுவியவர் என்ற பழைய கூற்றை 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.) கோட்டை கட்ட நவாபின் இசைவு எளிதில் கிட்டவில்லை. 1696-ல் சோபா சிங் என்ற ஜமீன்தார் கலகம் செய்தபோது, ஐரோப்பிய வணிகர் தத்தம் பண்டகசாலைகளைத் தாமே காத்துக்கொள்ளலாம் என்று நவாப் கூறினார். அச்சொல்லையே பற்றுக்கோடாகக் கொண்டு கம்பெனியார் சுவர் எழுப்பத் தொடங்கினர். 1698-ல் சுதாநுடி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் மூன்று ஊர்களின் ஜமீன் உரிமையைச் சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து 1300 ரூபாய்க்குப் பெற்றனர். இன்று ஒரு மாத வீட்டு வாடகைக்கும் போதாத தொகை!

அந்தப் பழைய கோட்டை இன்றைய மைதானத்தில் இருந்ததன்று. இன்று பெரிய தபால் நிலையமும் கிழக்கு இரயில்வே அலுவலகமும் நிற்கும் இடமே அது. வடபுறம் 340 அடி, தென்புறம் 485 அடி, மற்றிரு புறங்களும் 710 அடி கொண்ட கோணல் நாற்கரம். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். அக்காலத்தில் ஹூக்ளி ஆறு அதன் மேற்கு மதிலை ஒட்டியே ஓடிற்று. தபால் நிலையப் படிகளில் பித்தளைக் கோடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பழைய மதில் சென்ற வழியை அது காட்டுகின்றது. ஒரு காலத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்ப மாதந்தோறும் அப்படிகளில் ஏறியிறங்கிய நம்மவருள், அக்கோட்டைக் குனிந்து பார்த்தவர் சிலரே இருப்பர். அடியேனும் நெடுநாள் பாராதவனே.

கோட்டை என்று பெயரே தவிர, அது உண்மையில் மதில் சூழ்ந்த சரக்கு மண்டபம். வணிகம் பெருகப் பெருக, தென்மதிலை ஒட்டிப் புறத்தே பண்டகசாலைகளைக் கட்டினர். அவை கொத்தளத்துப் பீரங்கிகளின் பார்வையை மறைத்தன. காற்றுக்கும் வசதிக்குமாக மதிலிலேயே வழிகளைத் திறந்தனர். கிழக்கு வாயிலருகே 1709-ல் எழுந்த புனித அன்னாள் ஆலயமும், கம்பெனி அலுவலரின் மாடி வீடுகளும் கோட்டையைவிட உயர்ந்து நின்றன. அவற்றின் மேல்தளத்தில் ஏறியவனுக்குக் கோட்டையின் உட்புறம் உள்ளங்கை நெல்லிக்கனி. 1742-ல் மராட்டியர் படையெடுப்புக்கு அஞ்சி நகரைச் சுற்றி அகழி வெட்டத் தொடங்கினர். மராட்டியர் வரவில்லை, அகழியும் முற்றுப்பெறவில்லை.

1756-ல் இக்குறைகள் யாவும் ஒருங்கே வெளிப்பட்டன. தம் இசைவின்றிக் கோட்டையை வலுப்படுத்துகின்றனர், வரிவிலக்குச் சீட்டைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர், தம் அலுவலரின் மகனுக்கு அடைக்கலம் தந்துள்ளனர் என்று நவாப் சிராஜுத்தௌலா சினந்தார். இக்குற்றச்சாட்டுக்களில் பொய் மிகுதியில்லை. ஜூன் 16-ல் அவர் படை நகரை எட்டிற்று. 19-ஆம் நாள் ஆளுநர் டிரேக் கப்பலேறி ஓடிவிட்டார். எஞ்சியோருக்குத் தலைமை தாங்கிய ஹால்வெல் மறுநாள் அடிபணிந்தார். அன்றிரவு நிகழ்ந்ததே பள்ளி நாளில் நாம் படித்த இருட்டறைத் துயரம். 18 அடிக்கு 15 அடி கூட நிரம்பாத அறையில் 146 பேர் அடைக்கப்பட்டு 23 பேரே பிழைத்தனர் என்று ஹால்வெல் எழுதினார். இத்தொகை பொருந்தாதெனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். 64 பேர் அடைக்கப்பட்டு 21 பேர் பிழைத்திருக்கலாம் என்பது பிரிஜேன் குப்தாவின் கணிப்பு. இறந்தவர் துயரம் உண்மையே. ஆயினும் அதனை நாடு பிடித்ததற்குச் சமாதானமாக்கிய புனைவு வேறு. கர்சன் 1902-ல் நிறுவிய நினைவுத் தூணை அகற்றக் கோரி 1940-ல் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய கிளர்ச்சியில் இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றனர். தூண் அவ்வாண்டே புனித ஜான் ஆலய வளாகத்துக்குப் பெயர்ந்தது.

இனி நம் நாட்டுத் தொடர்பு. கல்கத்தா வீழ்ந்த செய்தி சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையை எட்டியபோது, பிரெஞ்சுக்காரரோடு போர் மூளும் என்ற அச்சத்தில் ஆலோசனைச் சபை தயங்கிற்று. முடிவில், கடலூர்ப் புனித டேவிட் கோட்டையில் பொறுப்பேற்றிருந்த கிளைவை வரவழைத்து, கடற்படைத் தலைவர் வாட்சனோடு அனுப்பினர். 1756 அக்டோபர் 16-ல் கப்பல்கள் சென்னையை விட்டன. பருவக்காற்றின் எதிர்ப்பில் அலைக்கழிந்து டிசம்பரில்தான் வங்கத்தை அடைந்தன. வெள்ளையர் ஏறத்தாழ 900 பேர். தென்னாட்டுச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1500 பேர். வழியிலிருந்த பட்ஜ்பட்ஜ் கோட்டையை, குடிபோதையில் தனியே சுவரேறிக் குதித்த ஸ்டிராகன் என்ற மாலுமியே பிடித்துக் கொடுத்தான் என்பர். ஒழுங்கை மீறினாய் என்று அதட்டியபோது, இனித் தனியாகக் கோட்டை பிடிக்கவே மாட்டேன் என்று முறையிட்டானாம். 1757 ஜனவரி 2-ல் கல்கத்தா மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

வந்த சிப்பாய்களில் தமிழரும் இருந்தனர், தெலுங்கரும் இருந்தனர். வங்க மக்களோ அனைவரையும் ‘தெலிங்கா’ என்றே அழைத்தனர். பின்னாளில் கம்பெனிச் சிப்பாய் எவனுக்கும் அதுவே பெயராயிற்று. நம் அனைவரையும் ‘மத்ராசி’ என்ற ஒரே சொல்லில் அடக்குவோரைக் கண்டு நாம் வருந்துவதுண்டு. அவ்வழக்கம் புதியதன்று போலும்! அச்சிப்பாய்களுள் எத்தனை பேர் காவிரிக் கரைக்கும் பாலாற்றங்கரைக்கும் மீண்டனரோ, அவர்தம் பெயரை எவரும் எழுதி வைத்திலர்.

பிளாசிப் போருக்குப் பின் கிளைவ் புதுக்கோட்டைக்கு வேறிடம் தேர்ந்தார். திட்டமிட்ட பொறியாளர் ஜான் பிரோகியரும் சென்னைக் கோட்டைப் பணியில் பயின்று வந்தவரே. பணமோசடிப் புகாருக்கு ஆளாகி 1760-ல் தலைமறைவானார். தேர்ந்த இடம் கோவிந்தபூர். அது பாழ்நிலமன்று. சரஸ்வதி ஆறு தூர்ந்து சப்தகிராமத் துறை மங்கியபோது அங்கிருந்து பெயர்ந்த சேட், பசாக் குலத்துத் துணி வணிகர் காடு திருத்திக் குடியேறிய ஊர். தாம் வழிபட்ட கோவிந்தனின் பெயரையே அவர்கள் ஊருக்கு இட்டனர் என்பது மரபு. அவ்வூர் முழுதும் எழ வேண்டியதாயிற்று. தாளதளா, குமார்துளி, சோபாபஜார் முதலிய இடங்களில் மாற்று நிலமும் ஈட்டுத் தொகையும் வழங்கினர். அவ்வாறு பெயர்ந்த குடும்பங்களுள் தாகூர் குடும்பமும் ஒன்று. கோவிந்தபூர் வீட்டை இழந்து பாதுரியாகட்டாவுக்குச் சென்று, பின் 1784-ல் அவர்களில் ஒரு கிளையினர் ஜோராசாங்கோவில் வீடு கண்டனர். கவியரசர் ரவீந்திரநாதர் அந்த வீட்டில் பிறந்தவர். லிங்கனில் வீடிழந்த 166 குடும்பங்களின் பின்வந்தோர் எவர் என்று எவருக்கும் தெரியாது; கோவிந்தபூரில் இழந்தோருள் ஒரு குடியையேனும் உலகம் அறியும்.

புதுக்கோட்டை ஏறத்தாழ 1781-ல் முடிந்தது. செலவு இருபது இலட்சம் பவுன் அளவில். எட்டுப் பக்கம்: ஐந்து நிலத்தை நோக்கியவை, மூன்று ஆற்றை நோக்கியவை. சுற்றிலும் நீர் பாய்ச்சத்தக்க உலர் அகழி, ஆறு வாயில்கள். பழைய கோட்டை கற்பித்த பாடத்தால், இம்முறை ஆலயமோ மாடி வீடோ அருகில் எழாதவாறு காட்டையும் குடிசைகளையும் அகற்றி நாற்புறமும் வெளி விட்டனர். அவ்வெளியே மைதானம். இத்தனை ஏற்பாடும் செய்த பின், பகைவர் எவரும் இக்கோட்டையை முற்றுகையிடவே வரவில்லை.

விடுதலைக்குப் பின் இது நம் இராணுவத்தின் கிழக்குப் பிரிவின் தலைமையிடமாயிற்று. 1971-ல் வங்கதேசப் போர் இங்கிருந்தே நடத்தப்பட்டது. 2025-ல் ‘விஜய துர்க்கம்’ என்ற பெயர் வெளியாயிற்று. ஞாயிறு காலையில் நம் சிறுவர் பந்தாடும் அந்தப் புல்வெளி, இன்றும் கோட்டையின் முன்றிலாகவே இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது.