எல்லைக்கோட்டின் இரு பக்கத்துப் பென்சன்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு, இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. காஞ்சிரங்குளமும் பாறசாலையும் அதனோடு நின்றன. பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் இரண்டு மாநிலத்தாராயின. வயோதிகக் காலத்துப் பணத்தையும் அந்தக் கோடு பிரிக்கும் என்று அன்று யார் கண்டார்கள்?

2010-இல் அக்காள் பாறசாலையிலும் தங்கை தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையிலும் அரசுப் பள்ளி ஆசிரியைகளாகச் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காளுக்குப் பழைய பென்சன்: 30 ஆண்டுப் பணி முடித்தால், கடைசிப் பத்து மாதச் சராசரி ஊதியத்தில் பாதி. தங்கைக்கோ பங்களிப்பு ஓய்வூதியம். தமிழ்நாடு 2003 ஏப்ரல் 1 முதலே பழைய கதவை மூடிவிட்டது. கேரளம் 2013 ஏப்ரல் 1-இல்தான் மூடியது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால், தங்கையின் சம்பளப் பட்டியலில் 6,000 பிடித்தம். அரசும் 6,000 போடும். கடைசியில் என்ன கிடைக்கும் என்பதற்கு மட்டும் 2026 வரை உறுதி இருக்கவில்லை.

இரு பக்கமும் சும்மா இருந்துவிடவில்லை. 2003 சூலையில், ஓய்வூதியச் சலுகைக் குறைப்புகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் பணிநீக்கியது. 2013 சனவரியில் கேரள ஊழியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தும் உம்மன் சாண்டி அரசு பங்களிப்புத் திட்டத்தைக் கைவிடவில்லை.

இந்தச் சீர்திருத்தத்தில் உடனடி மிச்சம் எதுவும் கிடையாது. பழையவர்களுக்கு வரிப்பணத்தில் பென்சன், புதியவர்களுக்குப் பங்களிப்பு என்று ஒரு தலைமுறைக் காலம் அரசு இரண்டையும் சுமக்க வேண்டும். 1981-இல் ஓய்வூதியத்தைத் தனியாரிடம் ஒப்படைத்த சிலியும் இப்படித்தான் திணறியது. கேரளம் தன் ஊழியர் பணத்தைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பியது. பத்தாண்டு முந்திக்கொண்ட தமிழ்நாடு அதில் சேரவே இல்லை. பணத்தைத் தன் பொறுப்பிலேயே வைத்து வட்டி போட்டது. பாதிக் கிணறுதான் தாண்டியது என்று சொல்ல வேண்டும்.

வயலில் இறங்கியவர்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. கேரளம் 1980-இல் விவசாயத் தொழிலாளருக்கு 45 ரூபாய் தந்தது. பிடித்தமும் இல்லை, சந்தையும் இல்லை; முழுக்க வரிப்பணம்.

2026 சனவரியில் தமிழ்நாடு தன் அரசு ஊழியர்களுக்கு, கடைசி ஊதியத்தில் 50 விழுக்காட்டை உறுதி செய்யும் புதிய திட்டத்தை அறிவித்தது. அதிலும் ஊழியரின் 10 விழுக்காட்டுப் பிடித்தம் உண்டு.