சில நிமிஷமே தாங்கும் மருந்து

விரல்ல கத்தி பட்டா கொஞ்ச நேரத்துல ரத்தம் உறைஞ்சுடுது. அதே ரத்தம் குழாய்களுக்குள்ள வாழ்நாள் முழுக்க உறையாம ஓடுது. எப்படி? இதுக்கான முக்கியமான ஒரு பதில் 1976-ல் கிடைத்தது. இடம், லண்டனுக்குப் பக்கத்தில் பெக்கன்ஹாமில் இருந்த வெல்கம் ஆய்வகம்.

முந்தைய வருஷம்தான் ஸ்வீடனில் சாமுவேல்சன் குழு திராம்பாக்ஸேனைக் கண்டுபிடித்திருந்தது. ரத்தத்தில் இருக்கிற பிளேட்லெட்டுகள் தயாரிக்கிற பொருள் அது. குழாயைச் சுருக்கும், பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். ரத்தக்குழாயின் சுவரும் இதைத் தயாரிக்குமான்னு ஜான் வேன், சால்வடோர் மொன்காடா, போலந்திலிருந்து வந்திருந்த கிரிக்லெவ்ஸ்கி எல்லாரும் சேர்ந்து தேடினாங்க. பன்றியின் மகாதமனித் திசுவுக்கு அதே மூலப்பொருளைக் கொடுத்தார்கள். வந்தது நேர் எதிரான ஒன்று! பிளேட்லெட்டுகளை ஒட்ட விடாத, குழாயைத் தளர்த்துகிற பொருள். பெயர் தெரியாததால் முதலில் 'பிஜிஎக்ஸ்'. பிறகு ப்ராஸ்டாசைக்ளின். 1982-ல் வேன், சாமுவேல்சன், பெர்க்ஸ்ட்ரோம் மூவருக்கும் நோபல்.

இது எப்படி வேலை செய்யுது? பிளேட்லெட்டிலும் சரி, குழாய்த் தசையிலும் சரி, சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருளை அதிகமாக்குது. பிளேட்லெட் அடங்கிடும், தசை தளரும், பிரஷர் இறங்கும். ஒன்று வேணும், இன்னொன்று வேணாம்னு பிரிக்க முடியாது. 1978-ல் கிராக்கோவ் குழு, ஆரோக்கியமான ஆண்களுக்கு நரம்பு வழியாக இதை ஏற்றி, இரண்டு விளைவையும் பதிவு செய்தது.

அப்போ ரத்தம் உறையற நோய்க்கெல்லாம் இதுதான் மருந்தா? அங்கதான் சிக்கல். உடம்புக்குள்ள சில நிமிஷத்தில் சிதைஞ்சுடும். டோஸ் கூடினா பிரஷர் ரொம்ப இறங்கும்.

கடைசியில் கைகொடுத்தது அந்தக் குழாய் தளர்த்தும் குணம்தான். நுரையீரல் தமனிகளில் காரணமே தெரியாம அழுத்தம் ஏறுகிற ஒரு அரிய நோய் இருக்கு. அதுக்காக 1995-ல் அமெரிக்கா எபோப்ராஸ்டெனால் என்ற பெயரில் இதை அனுமதித்தது. 1996-ல் வெளியான ஆய்வில் 81 நோயாளிகள், 12 வாரம். 8 பேர் இறந்தார்கள். அந்த எட்டு பேருமே இந்த மருந்து கிடைக்காத பிரிவில் இருந்தவர்கள்.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. நெஞ்சில் நிரந்தரமா ஒரு குழாய், இடுப்பில் ஒரு பம்ப், ராத்திரி பகலா ஓடணும். பம்ப் நின்னா சில நிமிஷத்தில் மருந்து தீர்ந்துடும், உயிருக்கே ஆபத்து. நீண்ட நேரம் தாங்குற ட்ரெப்ராஸ்டினில் 2002-ல் வந்தது இதனால்தான்.

நம்ம குழாய்ச் சுவர் மட்டும் எந்த பம்பும் இல்லாம இதை இந்த நிமிஷமும் தயாரிச்சுட்டு இருக்கு. எனக்கு ஆச்சரியமே அதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.