தகடும் கண்ணாடி இழையும்

மோட்டார்ச் சைக்கிளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதினர். இயந்திரத்தின்மேல் போர்த்த ஆடையை, அஃதாவது பெற்றோல் தாங்கி, மட்காட், இருக்கைக் கூடு, காற்றைப் பிளக்கும் முன்மறைப்பு ஆகியவற்றை, எப்பொருளால் ஆக்கினர் என்று விரித்துரைத்தோர் சிலரே. ஆயினும் தொழிற்சாலைக்குப் புறத்தே, வீட்டுக் கொட்டிலில் இருந்துகொண்டு வண்டியைத் தம் எண்ணப்படி மாற்றியமைத்தோரின் கதை பெரும்பாலும் இவ்வாடையின் கதையே. எப்பொருளை எடுப்பது என்னும் வினாவுக்கு அவர்கள் கண்ட விடையைப் பொறுத்தே வேலை முடிவதும் முடியாதொழிவதும் இருந்தன. சில வேளைகளில் ஓட்டியவன் உயிரும் அவ்விடையிலேயே தங்கியிருந்தது.

தொடக்க காலத்து வண்டிக்கு ஆடை மிகக் குறைவு. சட்டத்தின் இரு குழாய்களுக்கிடையே பெட்டிபோன்ற ஒரு தாங்கி, சக்கரங்களின்மேல் வளைந்த இரு தகடுகள், அவ்வளவே. தட்டையான பக்கங்களையுடைய அத்தாங்கியை ஈயம் பற்றவைக்கத் தெரிந்த தகரவேலைக்காரர் எவரும் செய்துவிடலாம். 1920களின் பிற்பகுதியில், மேற்குழாயின்மேல் சேணம்போலக் கவிந்திருக்கும் உருண்டைத் தாங்கி வழக்கத்துக்கு வந்தது. எல்லாத் திசையிலும் வளைந்து செல்லும் அத்தகைய மேற்பரப்பைத் தொழிற்சாலை தன் அழுத்தப் பொறியின் ஓரடியில் பெற்றுவிடும். வீட்டிலிருந்து வேலை செய்தவனுக்கோ அது எட்டாக் கனியாயிற்று.

அவனுக்குக் கைகொடுத்தது அலுமினியம். அதன் எடை உருக்கின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. மணல் அடைத்த தோற்பையின்மீது தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டினால் இணங்கிக் குழியும். ஆனால் தட்டத் தட்ட இறுகும். இறுகிய பின்னும் தட்டினால் வெடிக்கும். ஆதலால் இடையிடையே சூடுகாட்டி இளக்கவேண்டும். இங்கேதான் இடர். இரும்பு செந்நிறங் காட்டி எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே உருகித் துளைபட்டுவிடும். பழைய தொழிலாளர் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தனர். தகட்டிலே சவர்க்காரத்தைப் பூசிப் பின்புறமிருந்து சுவாலையைக் காட்டுவர். சவர்க்காரம் கறுத்ததும் நெருப்பை விலக்குவர். வெப்பமானி இல்லாத பட்டறையில் ஒரு சவர்க்காரக் கட்டியே வெப்பமானியாக இருந்தது. நம் நாட்டில் டிங்கர் வேலை என்று வழங்கும் தொழிலின் நுட்பம் இத்தகையதே. அதைக் கைவரப் பெறுதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

அவ்வாண்டுகளைக் கொடுத்தவர்களுள் ஒருவர் நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரத்து பேர்ட் மன்றோ. 1899இல் பிறந்த இவர், 1920ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற ‘இந்தியன்’ வண்டி ஒன்றை வாங்கினார். (இந்தியன் என்பது அந்நிறுவனத்தார் தம் வண்டிக்கு இட்ட பெயர், பாரத நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) மணிக்கு ஏறத்தாழ 55 மைல் செல்லவென ஆக்கப்பட்ட அவ்வண்டியைத் தம் கொட்டிலில் வைத்துப் பல பத்தாண்டுகள் திருத்தினார். பழைய தகரப் பேணிகளை அச்சாகக்கொண்டு பிஸ்டன்களை வார்த்தார். உடைந்துபோன உறுப்புகளை ஒரு தட்டில் அடுக்கி, வேகத் தெய்வத்துக்கு இட்ட காணிக்கை என்று அதன்மேல் எழுதியும் வைத்தார். தோல்வியை எறிந்துவிடாமல் கண்முன் வைத்திருந்த இச்செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

காற்றின் எதிர்ப்பை வெல்ல வண்டி முழுவதையும் மீன்போன்ற ஓர் உறைக்குள் அடக்கவேண்டும் என்று கண்டபோது, முதலில் அலுமினியத் தகட்டையே கையாலே தட்டத் தொடங்கினார். அவ்வேலை ஆண்டுக்கணக்கிற் சென்றது. பின்னரே கண்ணாடி இழையால் உறை அமைத்தார். 1967இல், தம் 68ஆம் வயதில், அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் அவர் நிலைநாட்டிய வேகம், கணக்குப் பிழையொன்று 2014இல் திருத்தப்பட்ட பின்னர், மணிக்கு 184.087 மைல் என்று பதியப்பட்டிருக்கிறது. 1,000 கன சென்ரிமீற்றருக்குட்பட்ட இயந்திரங்களின் பிரிவில் அமைந்த சாதனை அது.

கண்ணாடி இழை 1930களில் அமெரிக்கக் கண்ணாடித் தொழிற்சாலைகளில் உருவான பொருள். இரண்டாம் உலகப் போரின்போது அதைச் செயற்கைப் பிசினில் தோய்த்து விமானங்களின் ரேடார் மூடிகளைச் செய்தனர். போர் முடிந்தபின் அது படகுக்கும் காருக்கும் வந்தது. நமது வடபகுதி நேயர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நோர்வே நாட்டின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்துறையில் ஆக்கியவை இப்பொருளாலான படகுகளே.

வீட்டுக் கைவினைஞனுக்கு இது வரப்பிரசாதமாயிற்று. களிமண்ணாலோ மரத்தாலோ வேண்டிய உருவத்தைச் செய்து, அதிலிருந்து ஓர் அச்சு எடுத்து, அச்சின் உட்புறத்தை மினுக்கி மெழுகு பூசி, கண்ணாடி இழைப் பாயை விரித்துப் பிசினைத் தூரிகையால் ஏற்றிக் காற்றுக் குமிழிகளை அழுத்தி வெளியேற்றினால் போதும். பிசின் இறுகியபின் உறை கழன்று வரும். சுத்தியற் கைத்திறனுக்குப் பதில் பொறுமை வேண்டப்பட்டது. பொறுமையோடு எச்சரிக்கையும் வேண்டும். பிசினை இறுகச் செய்யும் திரவத்தை எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேர்ப்பர். அதன் ஒரு துளி கண்ணிற் பட்டாற் பார்வையே போகக்கூடும். விரைவூட்டியாகப் பயன்படும் கோபாற்றுக் கலவையோடு அதனை நேரே கலந்தால் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முற்றக் கலந்த பின்னரே மற்றதைச் சேர்த்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் பிசின் இன்னும் விரைந்து இறுகுமாதலால், ஒரே முறையிற் பெரும்பாத்திரம் நிறையக் கலக்குவது கேடு.

இப்பொருளின் எளிமையை நம்பிப் பெரிய நிறுவனங்களும் இடறின. இங்கிலாந்தின் வின்சன்ற் நிறுவனத்தார் 1954ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில், ஓட்டுபவர்மேல் மழையும் சேறும் படாதவாறு முற்றாக மூடிய ‘பிளாக் பிறின்ஸ்’ வண்டியைக் காட்டினர். மூடிகள் அனைத்தும் கண்ணாடி இழை. வெளியாரிடமிருந்து வந்த மூடிகளோ தரம் குன்றியும் காலந் தாழ்த்தும் வந்தன. வண்டிகள் ஆடையின்றிக் காத்துக் கிடந்தன. நிறுவனத்துக்குப் பணமுடை வேறும் இருந்தது. 1955 டிசெம்பரில் அதன் மோட்டார்ச் சைக்கிள் உற்பத்தி நின்றது. பொருள் புதிதாயிருந்த காலத்தில், ஒருவன் தனக்கென ஒன்றைப் பொறுமையாக வார்ப்பது வேறு, நூற்றுக்கணக்கில் ஒரே அளவாக வார்ப்பது வேறு என்பதை அந்நிறுவனம் பெருவிலை கொடுத்து அறிந்தது.

பின்னர் வந்த பொருள்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏபிஎஸ் என்னும் பிளாஸ்ரிக் தகடு சூட்டில் வளையும். விழுந்தால் கண்ணாடி இழைபோல் எளிதில் நொறுங்காது. ஆயினும் ஆழ்ந்த வடிவங்களுக்கு வெற்றிடத்தால் இழுக்கும் பொறி தேவை. 1963இல் இங்கிலாந்தின் பார்ன்பரோ விமான ஆய்வகத்தார் வலிமைமிக்க கரி இழையை ஆக்கும் முறையைக் கண்டனர். எடைக்கு எடை உருக்கினும் வலியது, விலையும் அதற்கேற்றதே. மட்காட்டுக்கு அதனைத் தேடுவது, என் எண்ணத்தில், பெரும்பாலும் அழகுக்காகத்தான்.

பெற்றோல் தாங்கியை இறுதிக்கென்றே ஒதுக்கிவைத்தேன். 1960களில் இங்கிலாந்து இளைஞர் தம் வண்டிகளைப் பந்தய வண்டிபோல் ஆக்க விரும்பி, மட்காட்டையும் இருக்கைக் கூட்டையும் மட்டுமன்றித் தாங்கியையும் கண்ணாடி இழைக்கு மாற்றினர். நீண்டு ஒடுங்கிய அத்தாங்கிகள் கண்ணுக்கு இனியவை; விலையும் குறைவு. ஆனால் மட்காட் உடைந்தால் சேறு தெறிக்கும். தாங்கி உடைந்தால் ஓட்டுபவன் தொடைகளுக்கிடையே பெற்றோல் கொட்டும். கீழே சூடான இயந்திரம். உலோகத் தாங்கி அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கும். இழைத் தாங்கியோ வெடித்துப் பிளக்கும். பிரித்தானிய அரசு விதி வகுத்து, 1973 யூலை 1ஆந் திகதி தொடக்கம் முதன்முதலாக வீதிக்கு வரும் பெற்றோல் வாகனங்களின் தாங்கி உலோகத்தால் ஆனதாகவே இருத்தல் வேண்டும் என்றது. தீயைத் தாங்குமாறு சோதித்த பிளாஸ்ரிக் தாங்கிகளுக்கு இடமளித்தது பின்னர்தான்.

விதிக்கு முற்பட்ட தாங்கிகள் அதன்பின்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வேறொரு பகை வந்தது. பெற்றோலில் மதுசாரம் கலந்து விற்கத் தொடங்கியபோது, பழைய பிசின் அதிற் கரைந்து இளகிற்று, சுவர்கள் வீங்கின, ஒட்டும் கசடு காபரேற்றரை அடைத்தது. உட்பூச்சு இட்டுக் காக்க முயன்றோர் உளர். அப்பூச்சே உரிந்து வந்ததும் உண்டு. அறிந்தவர்கள் வேறு வழி கண்டனர். இழைத் தாங்கியின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்து, உள்ளே அலுமினியத் தகட்டால் உருக்கி ஒட்டிய சிறு தாங்கி ஒன்றைப் பொருத்தி, காற்றை அடைத்துக் கசிவு பார்த்து, மேலே பழைய இழைக் கூட்டை வெறும் மூடியாக மாட்டிவிடுகின்றனர். கொள்ளும் பெற்றோல் சற்றுக் குறைவு, வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை.